மூத்தவளின் கறை

அந்த ஆய்வகத்தில், குடுவைக்குள் சுழன்று ரசாயனம் கலக்கும் காந்தத்துண்டுகள் இரண்டு இருந்தன. மூத்தவள் மேல் பழைய வினையூக்கிகளின் கறுப்புக் கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

“இந்தக் கோலத்தோடவா வேலைக்கு வர்றீங்க, அக்கா?” என்று புதியவள் சிரித்ததும் மூத்தவளுக்கு உடம்பே கூசியது.

அன்று ஆய்வாளர் தமயந்தி, வினையூக்கி இல்லாமல் சேரவே சேராத இரண்டு பொருள்களை, வினையூக்கி போடாமலே சோதித்துப் பார்த்தார். மூத்தவள் சுழன்றாள், இரண்டும் சேர்ந்துவிட்டன!

தமயந்தியால் நம்ப முடியவில்லை. மறுபடி சோதிக்க, கறை பிடித்த மூத்தவளைக் குப்பையில் போட்டுவிட்டு, அதே பொருள்களில் புதியவளை இறக்கினார். அவள் தலைசுற்றச் சுழன்றும் ஒன்றும் நடக்கவில்லை.

தமயந்தி குப்பைக்கூடையைக் கிளறி மூத்தவளை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அட, வேலை பாத்தது இந்தக் கறைதானா!”

புதியவள் மெல்லக் கேட்டாள்: “அக்கா, எனக்கும் ஒட்டுமா?”

“ஒட்டாம எங்கடி போகும்? குடுவைக்குள்ள குதி!” என்றாள் மூத்தவள்.