ஆள் தெரியாத மைதானம்

கடற்கரைக்கு விடுமுறைக்கு வந்த இடத்தில், எந்தக் கோல்ஃப் மைதானத்தில் ஆடலாம் என்று மகன் ராஜதுரை கேட்டான். ஒன்றில் கண்ணாடி கொடுப்பார்களாம். மாட்டிக்கொண்டால் வேலையாட்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்களாம். நான் எவனையும் நம்புகிறவன் இல்லை. பந்தைத் தவறவிட்டால் பின்னால் நின்று சிரிக்கிற பயல்கள்தானே எல்லாரும். "அங்கயே போவோம்ல," என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆடினேன். வெயில் கொளுத்தியது. அடித்ததெல்லாம் வீண். ஒரு தம்ளர் மட்டும் அந்தரத்தில் என் முன்னால் வந்து நின்றது.

"தண்ணி குடிங்க அத்தான். அக்கா சௌக்கியமா?"

என் பெண்டாட்டியின் தம்பி சுடலைக்கண்ணுவின் குரல். எங்கே வேலை பார்க்கிறாய் என்று அவனை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கண்ணாடியைக் கழற்றினால் அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். கழற்றவில்லை. தம்ளரைப் பார்த்து, "ஒங்கக்கா நல்லாத்தான் இருக்கா," என்றேன்.