பால் படாத நாலு மணி நேரம்

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த ஆவுடையம்மாளுக்கு ரத்தத்தில் பிளேட்லெட் ஒன்பதாயிரத்துக்கு இறங்கி, பல் தேய்த்தாலே ஈறிலிருந்து ரத்தம் வந்தது. டாக்டர் ஹசீனா எழுதிக்கொடுத்த மாத்திரையை இரண்டு வாரம் தவறாமல் விழுங்கியும் எண்ணிக்கை ஏறவில்லை.

"மாத்திரையை எப்பம்மா போடுறீங்க?"

"காலையில நாலு மணிக்கு, கடை திறந்ததும். போட்டுட்டு டீயை ருசி பாக்க ஆரம்பிச்சிருவேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பால் சேர்ந்தா இந்த மாத்திரை வேலை செய்யாதும்மா. வயித்துல பாலே இல்லாத விடியக்கால நேரந்தான் இதுக்குச் சரி. போட்டப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு சொட்டுகூட நாக்குல படக்கூடாது."

முதல் பஸ் டிரைவர்கள் வருவதே அந்த நேரத்தில்தான். மறுநாளிலிருந்து ஆவுடையம்மாள் நிறத்தையும் ஆவியின் மணத்தையும் மட்டும் நம்பி டீ போட்டாள். கிளாஸை நீட்டிவிட்டு, குடிக்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாராவாரம் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள்.

நான்காவது வாரம் டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "எண்பத்திரண்டாயிரம்! மருந்து கேட்டிருச்சும்மா."

"அது ஒங்க மாத்திரையோட சாமர்த்தியம் டாக்டரம்மா." ஆவுடையம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாலு வாரமா நாக்குல வைக்காமப் போட்ட டீயை ஒரு டிரைவர்கூட பாதியில வச்சிட்டுப் போகல. அது என் சாமர்த்தியம்."