கல் வண்டி

"முத்துவேலு, வா. வண்டி ஏரிக்கரை மேல நிக்குது. வந்து கட்ட போடு."

வாசலில் பஞ்சாட்சரத்தின் குரல் கேட்டதும் சிட்டம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெனம் தெனம் இதே ரோதனையாப் போச்சி. ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா அவருக்கு?"

"சும்மா இரு சிட்டு. அவரு கால ஒடச்சது நாந்தான?" என்றபடி முத்துவேல் எழுந்து போனார்.

அதுதான் சங்கதி. பெருமாள் கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் முத்துவேல். உருண்டு வரும் சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் லேசுப்பட்ட வேலையில்லை. அப்பாவுக்குப் பிறகு அவர் ஒருவர்தான், மாற்றாள் கிடையாது. காய்ச்சலோ வயிற்றுவலியோ, தேர் என்றால் அவர்தான் வந்தாக வேண்டும். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை குனிந்த முதுகு நிமிராது. சரியாக நின்றால் பெருமாள் புண்ணியம். நிற்காவிட்டால் முத்துவேல் தப்பு.

எழுபத்தேழாம் வருஷத் தேரில், தெற்கு வீதி முனை இறக்கத்தில் அவருக்குக் கை சோர்ந்துவிட்டது. கட்டை நழுவியது. வடம் பிடித்துக்கொண்டிருந்த பஞ்சாட்சரம் தடுக்கி விழ, அவருடைய இடது பாதத்தில் சக்கரம் ஏறிவிட்டது.

அன்றோடு முத்துவேல் கட்டையைத் தொடுவதை விட்டார். சொந்த வண்டியைக்கூட மேட்டில் நிறுத்தப் பயம். ஏர் ஓட்டினாலும் கோணலாகப் போகிறதோ என்று நின்று நின்று திரும்பிப் பார்ப்பார். சோறு இறங்கவில்லை. "என் கைய இனிமே நம்பக்கூடாது சிட்டு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

நொந்து கிடக்கிற மனுஷனை விட்டுவிடலாம் இல்லையா? பஞ்சாட்சரம் விடவில்லை. தை பிறந்ததும் ஒருநாள் தடியூன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"கால் போனவன் எறக்கத்துல வண்டிக்கு எப்பிடி கட்ட போடறது? பண்ணவன் நீதான. நீயே வந்து போடு."

முதலில் வைக்கோல் வண்டி. பிறகு எரு. அப்புறம் நெல் மூட்டை. பங்குனியிலிருந்து கருங்கல். மாட்டுக் கொட்டாய்க்கு அஸ்திவாரம் போடுகிறாராம்.

கரையிலிருந்து வண்டி இறங்கும்போது பஞ்சாட்சரம் பக்கத்திலேயே நொண்டிக்கொண்டு விரட்டுவார்.

"இன்னா, கை நடுங்குது? பொண்ணு பாக்கவா வந்த? குனிஞ்சி போடு."

வேலி ஓரமாக நின்று பார்க்கும் சிட்டம்மாள் பல்லைக் கடித்துக்கொள்வாள். கால் போன கோபத்தை இப்படியா தீர்த்துக்கொள்வது?

வைகாசி வந்தது. வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்கலாம் என்றார் தர்மகர்த்தா. அதற்கும் பஞ்சாட்சரம்தான் குறுக்கே நின்றார். "வேணாம். முத்துவேலே போடட்டும்." கால் போனவரே சொல்லும்போது மற்றவர்கள் என்ன பேசுவது?

வீட்டில் சிட்டம்மாள் அழுதாள். "ஊரு முன்னால ரெண்டாந்தரமும் உன்ன தலகுனிய வெக்கணும், அதான் அந்த மனுசனுக்கு ஆச. முடியாதுன்னு சொல்லிடுய்யா."

"அவரு கேட்டா என்னால முடியாதுன்னு சொல்ல முடியல சிட்டு. இந்த வாட்டியும் தப்பாச்சின்னா நான் மனுசனாவே இருக்கமாட்டேன். அதுவும் தெரியிது."

தேர் தெற்கு வீதி முனைக்கு வந்தது. அதே இறக்கம். கண்ணை மூடிக்கொள்ளப் போன சிட்டம்மாள் அப்படியே விறைத்து நின்றாள். போன வருஷம் விழுந்த அதே இடத்தில், சக்கரத்துக்கு நேர் முன்னால், பஞ்சாட்சரம் தடியூன்றி நின்றுகொண்டிருந்தார். நகரச் சொல்லி யார் யாரோ கத்தினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முத்துவேல் அவருடைய மிச்சமிருந்த ஒரு காலைப் பார்த்தார்.

"இன்னா பாக்கற? கல்லு வண்டின்னு நெனச்சிக்கினு போடு."

முத்துவேல் குனிந்தார். கட்டை உள்ளே போனது. சக்கரம் அதன்மேல் ஏறப் பார்த்தது, கிறீச்சிட்டது, நின்றுவிட்டது. பஞ்சாட்சரத்தின் நல்ல காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

"கோவிந்தா" என்று தெருவே குரல் கொடுத்தது. முத்துவேல் நிமிர்ந்து, முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு வருஷமாக வீட்டில் காணாத சிரிப்பு. சிட்டம்மாளுக்கு அப்பாடா என்று இருந்தது. பெருமாளே, போதும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. பக்கத்தில் நின்ற பஞ்சாட்சரத்தின் மனைவி பவளத்திடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"எம்புருசன் கைய ஒதற வெக்கத்தானக்கா உங்க வூட்டுக்காரரு அங்க போயி நின்னாரு? அந்தக் கொட்டாய்க்கு இன்னும் எத்தினி லோடு கல்லு பாக்கி கீது? சொல்லிடுங்க. எறக்கிக் குடுத்துட்டு நிம்மதியா கெடக்கோம்."

பவளம் கோபித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். கை முழுக்கக் காய்ப்பு.

"கொட்டாயும் கட்டல, ஒண்ணும் கட்டல சிட்டு. எங்க கிட்ட இருக்கறதே ஒரு லோடு கல்லுதான். உம்புருசன் கண்ணு முன்னால எறக்கிப் போட்டுட்டு, அவரு அந்தாண்ட போனதும் நாங்க ரெண்டு பேருமா அதையே திரும்பியும் வண்டியில ஏத்துவோம்."