குதிரை நின்ற இடம்

யுத்தம் முடிந்த பின் நடக்கும் முதல் குதிரைப் போட்டிக்கு ஒரு நாளே இருந்தது. காத்தான்குடிக் கடற்கரையில் றவூப் ஓட்டிப் பழக்கிய குதிரை, சாய்ந்த தென்னையருகே இன்றும் நின்றுவிட்டது.

“நாளைக்கும் இப்படி நிண்டா ஊரே சிரிக்கும், மச்சான்,” என்றான் றவூப், அதன் மேலிருந்தபடியே.

சுனாமிக்கு முன்பே கட்டாருக்குப் போய், நேற்றுத்தான் திரும்பியிருந்த பாஹிம் குதிரையின் கழுத்தைத் தடவினான்.

“அடிச்சிராத. மவுத்தான உன்ட மகன் ஏறுற இடம் இதுதானே? அந்தப் புள்ளய இது மறக்கல்ல.”

“அந்தக் குதிரையும் மகனோடயே கடலுக்குள்ள போயிட்டு. இது போன மாசம் மன்னாருல வாங்கினது.”

பாஹிம் கையை எடுத்துக்கொண்டான்.

றவூப் சேணத்தில் பின்னால் நகர்ந்து, தனக்கு முன்னால் ஒரு சிறு பிள்ளைக்கு இடம் விட்டான்.

தட்டாமலே குதிரை ஓடத் தொடங்கியது.