ஏணியடியில் ஒரு விசாரணை

"ஆம்பளை யாரும் வரலையா?"

கதவைத் திறந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அதுவும் நாலு வீட்டுக்குக் கேட்கும்படி.

வாசலில் ஹெல்மெட்டும் டூல் பையுமாக நின்ற பெண்ணுக்குச் சுருக்கென்றது. இன்டர்நெட் கம்பெனியில் ஃபீல்டு இன்ஜினீயராகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இதுவரை சீனியரின் பின்னாலேயே சுற்றியவள், இன்றுதான் முதல்முறையாகத் தனியாக வந்திருக்கிறாள். ஆரம்பமே அமர்க்களம் என்று நினைத்துக்கொண்டாள்.

"நான்தாம்மா இன்ஜினீயர். என்ன கம்ப்ளெயின்ட்?"

"நெட் வரலை. காலையிலேருந்து செத்துக் கிடக்கு."

மோடத்தில் சிவப்பு லைட் எரிந்தது. வீட்டுக்குள் இருந்த ஒயரில் பழுதில்லை. அப்படியானால் வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்துச் சந்துக்குப் போனாள். அதே வீட்டின் ஒரு ஜன்னலுக்கு மேலே, நல்ல உயரத்தில் இருந்தது பெட்டி. ஏணிகூடத் தயாராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தாலும் திரை இழுத்து மூடியிருந்தது.

விழாமல் தாங்கும் சேஃப்டி பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு அவள் ஏறத் தொடங்கியதும், அம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையோடு விசாரணையையும் ஆரம்பித்துவிட்டாள். தினமும் இப்படித்தான் ஏறணுமா, தனியாகவா அனுப்புகிறார்கள், போகிற வீட்டில் நாய் இருந்தால் என்ன செய்வாய், மழை வந்தால், அவசரத்துக்கு எங்கே ஒதுங்குவாய்?

எல்லாமே கத்தல்தான். பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்று இவளும் மேலே இருந்தபடி உரக்கவே பதில் சொன்னாள். நாயைக் கட்டின பிறகுதான் கேட்டுக்குள் கால் வைப்பாளாம். மழையில் ஏற வேண்டாம், அது கம்பெனி ரூல். ஒதுங்க வேண்டுமென்றால், பெண்கள் இருக்கும் வீடாகப் பார்த்துக் கேட்பாளாம். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

"உன்னைப் பார்த்ததும், இவளுக்கு என்ன தெரியும்னு நினைக்க மாட்டாங்களா?"

நீங்கள் நினைத்தீர்களே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"நினைப்பாங்க. லைட் பச்சையாகற வரைக்கும் நினைப்பாங்க. அப்புறம் காபி சாப்பிடறியான்னு கேட்பாங்க."

அம்மாள் சிரிக்கவில்லை. ஏணியை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"உண்மையைச் சொல்லும்மா. பயமாவே இல்லையா உனக்கு?"

இல்லவே இல்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். தனியாக வந்த முதல் நாளே பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க வேண்டுமா? ஆனால் ஏனோ பொய் வாயில் வரவில்லை.

"பயந்தேம்மா. முதல் தடவை பாதி ஏணியில நின்னுட்டேன். மேலயும் போக முடியலை, கீழயும் வர முடியலை. சீனியர் ஏறி வந்து, ஒவ்வொரு காலா எடுத்து வெச்சு இறக்கிவிட்டார். வீட்டுக்குப் போய், இந்த வேலையே வேணாம்னு ஒரே அழுகை."

"அப்புறம்?"

"மறுநாளும் நடுங்குச்சு. ஆனா நிக்கலை. மேல போய் ஒயரை மாட்டினேன் பாருங்க, கீழே அந்த வீடே கை தட்டுச்சு. அவங்க டிவியில மேட்ச் திரும்ப வந்ததுக்குத்தான் தட்டினாங்க. நான் எனக்குன்னே எடுத்துக்கிட்டேன்."

சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தவளின் பேச்சு நின்றது.

ஒயர் அறுந்திருக்கவில்லை. கழற்றப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, முனையில் தூசி படாமலிருக்கக் குட்டி பிளாஸ்டிக் மூடியையும் போட்டு வைத்திருந்தார்கள்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெண் என்பதால் வேலை தெரியுமா என்று சோதித்துப் பார்க்கிறார்களா? ஒயரை மாட்டிவிட்டு விடுவிடுவென்று இறங்கினாள்.

"அம்மா, காத்துல கழண்ட ஒயர் தானா மூடி போட்டுக்காது. யாரோ ஏறிக் கழட்டியிருக்காங்க."

"நான்தான்" என்றாள் அம்மாள். குரல் இப்போது ரகசியம் பேசுவதுபோல் தணிந்திருந்தது.

"நீங்களா? இந்த ஏணியிலயா?"

"பின்னே? படிக்கு ஒரு சாமியைக் கூப்பிட்டுக்கிட்டேதான் ஏறினேன்."

அம்மாள் கண்ணாலேயே ஜன்னலைக் காட்டினாள். அவளுடைய மகளுக்கும் இதே வேலை கிடைத்திருக்கிறதாம். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். ஆசைப்பட்டுப் படித்த படிப்புதான். ஆனால் ஏணியில் ஏற வேண்டும், தனியாக வீடு வீடாகப் போக வேண்டும் என்று யாரோ சொன்னதிலிருந்து, மாட்டவே மாட்டேன் என்று அந்த அறைக்குள் சுருண்டு படுத்திருக்கிறாளாம்.

"நான் சொன்னா, உனக்கென்னம்மா தெரியும்கறா. அவ மனசுல இருந்ததையெல்லாம்தான், அவ காதுல விழட்டும்னு நான் உன்கிட்ட கத்திக் கேட்டேன். கம்பெனிக்கு போன் போட்டு, பொண்ணு யாராவது இருந்தா அவளையே அனுப்புங்கன்னு கெஞ்சி உன்னை வரவழைச்சதும் நான்தான். மன்னிச்சுக்கோம்மா."

வந்த கோபம் எங்கே போனதென்றே இவளுக்குத் தெரியவில்லை.

திரை விலகியது. அழுது வீங்கிய முகம் ஒன்று ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தது.

"அக்கா… பாதியில நின்னுட்டா, நிஜமாவே யாராவது ஏறி வருவாங்களா?"

இன்ஜினீயர் தன் இடுப்பிலிருந்த பெல்ட்டைக் கழற்றினாள்.

"ஷூவை மாட்டிக்கிட்டு வெளியே வா. ஏணியை இன்னும் எடுக்கலை."