கம்பி காட்டிய அலமாரி

“கழுத்து, காது, கை… எல்லாத்தையும் கழட்டுங்க. ஒரு பொட்டுத் தங்கம்கூட உடம்புல இருக்கக் கூடாது” என்றார் வந்தவர், குரலை உயர்த்தாமல்.

மாமியார் வளையலோடு மல்லுக்கட்டினாள். சின்ன மருமகள் சங்கிலியின் கொக்கியைத் தேடினாள். பெரிய மருமகள் மட்டும் எல்லோருக்கும் முந்திக்கொண்டு கழற்றி, அவர் நீட்டிய தகர டப்பாவில் போட்டுவிட்டாள்.

பயப்பட வேண்டாம், அவர் திருடர் இல்லை. தொலைந்ததைக் கண்டுபிடிக்க வந்தவர். கையில் ‘ட’ மாதிரி வளைந்த பித்தளைக் கம்பிகள் இரண்டு, தோளில் அலைவரிசை மெஷின் ஒன்று.

“வேற தங்கம் கிட்ட இருந்தா கம்பி அந்தப் பக்கம் இழுத்துடும். டப்பா வாசல்ல என் வண்டியில இருக்கட்டும், சாவியை நீங்களே வெச்சுக்குங்க. வீட்டுக்குள்ள வேற எதுவும் இல்லையே?”

“மொத்தமே இவ்வளவுதாங்க” என்றாள் மாமியார். அவளுடைய மோதிரத்தை மட்டும் சாம்பிளுக்கு எடுத்துக்கொண்டு, டப்பாவை வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

காணாமல் போனது மாமியாரின் நகைப்பெட்டி. பீரோ சாவி இருந்தது சின்னவளிடம். வினையே அங்கேதான்.

பத்து வருஷமாக இந்த வீட்டில் மாடாய் உழைப்பவள் பெரியவள். போன வருஷம் வந்தவளிடம் மாமியார் சாவியைத் தூக்கிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அவளைக் கூப்பிட்டால் ‘கண்ணு’, இவளைக் கூப்பிட்டால் ‘ஏம்மா’. அவள் ஒரு டீ போட்டால் ‘அடடா’, இவள் வீட்டுக்கே வடித்துக் கொட்டினால் ‘உப்பு கம்மி’. அந்தச் சாவி சின்னவள் கையில் குலுங்கும்போதெல்லாம் பெரியவளுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருக்கும். பொறாமைதான், வேறென்ன!

கம்பிக்காரரைத் தேடிப் பிடித்து வரவழைத்ததும் பெரியவள்தான். கம்பிமேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

“யார் ரூம்ல கிடைக்குதோ, அவ இன்னிக்கே மூட்டை முடிச்சோட கிளம்பிடணும். இந்தப் பேச்சுல மாத்தமே இல்ல” என்று மாமியார் கறாராகச் சொல்லியிருந்தாள்.

மோதிரத்தை மெஷின் தட்டில் வைத்து சுவிட்சைத் தட்டினார். மெஷின் வண்டு மாதிரி ரீங்கரித்தது. கம்பிகள் ஹாலைச் சுற்றின, மாடிப்படிப் பக்கம் போய்த் திரும்பின, அப்புறம் இரண்டும் சேர்ந்து சமையலறையைப் பார்த்து நின்றன.

“அங்க எதுக்குப் போறீங்க?” பெரியவள் குறுக்கே வந்து நின்றாள். “அங்க பாத்திரம்தான் இருக்கு. பித்தளையைப் பாத்து இழுக்குது.”

“அப்படின்னா சாம்பிள் சரியில்ல. மோதிரம் வேற கலப்பு. காணாமப் போன நகை இருக்கு பாருங்க, அதே தங்கத்துல துளி கிடைச்சாலும் மெஷின் கப்புனு பிடிச்சுக்கும். இல்லைன்னா சும்மா சுத்தி என்ன பிரயோஜனம்? நான் கிளம்பறேன்.”

கிளம்புவதா! பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போதாக்குறைக்கு மாமியார், “நீ ஏன் கண்ணு இப்படி நடுங்கற? உக்காரு” என்று சின்னவளைச் சோபாவில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பெரியவளுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது.

“ஒரு நிமிஷம் இருங்க சார்!”

சமையலறைக்குள் ஓடினாள். பொத்திய கையோடு திரும்பி வந்து, மோதிரத்தை எடுத்துவிட்டு, கையிலிருந்ததைத் தானே தட்டில் போட்டு மூடியைச் சாத்தினாள். “அதே தங்கம்தான். இப்பப் பாருங்க.”

இந்தத் தடவை கம்பிகள் கயிறு அவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி ஓடின. நேரே சின்னவளின் அறை. அலமாரிக்கு முன்னால் போய் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே விழுந்தன. மடித்து வைத்த துணிகளுக்கு அடியில் நகைப்பெட்டி இருந்தது.

“ஐயோ அத்தை, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!” சின்னவள் அலறினாள்.

“நம்பிச் சாவியைக் குடுத்தீங்களே, பாத்தீங்களா லட்சணத்தை!” என்றாள் பெரியவள். இத்தனை நாள் எரிந்த வயிறு இப்போதுதான் குளிர்ந்தது.

மாமியார் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தாள். சங்கிலி இருந்தது, வளையல்கள் இருந்தன. தோடு ஒன்றுதான் இருந்தது.

“இதோட ஜோடி எங்கடி?”

‘கண்ணு’ போய் ‘டி’ வந்துவிட்டது. சின்னவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

“எங்க இருக்கும்? வித்துத் தின்னிருப்பா” என்றாள் பெரியவள். “அழுது சாதிக்கப் பாக்கறா. நீங்க போய்ப் படுங்க அத்தை, அவ துணிமணியை நான் கட்டிக் குடுத்து அனுப்பறேன்.”

மாமியார் சின்னவளைப் பார்த்துக் கையை நீட்டினாள். சாவி வந்தது. அதைப் பெரியவளின் உள்ளங்கையில் வைத்தாள்.

பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருஷத்து ஏக்கம் அல்லவா! சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், உலகமே மறந்துபோயிற்று.

கம்பிக்காரர் மெஷினை அணைத்துவிட்டுத் தட்டைத் திறந்தார். உள்ளே கிடந்த ஒற்றைத் தோட்டை எடுத்து, பொறுப்பாகத் துணியில் துடைத்து, பெரியவளிடம் நீட்டினார்.

“இந்தாங்கம்மா, உங்க சாம்பிள்.”