ஏரியை விட்டுப் போகிறவன்

"புல் வெட்டவா? ஊருக்கே தண்ணி குடுத்த ஆளு, கல்லறைத் தோட்டத்துல போய்ப் புல் வெட்டப் போறியா?"

ஃபின்டன் கையிலிருந்த தேநீர் தளும்பி மேஜையில் கொட்டியது. எதிரே லோர்கன் நிதானமாக ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"புல் மட்டும் இல்லடா. வேலிக்குப் பெயின்ட் அடிக்கணும். பூங்கா பெஞ்சு எல்லாம் துடைக்கணும்."

"பெருமையா வேற சொல்லிக்கிற!"

அயர்லாந்து முழுக்க, ஊர் ஊராகக் கவுன்சில்கள் பார்த்துவந்த குடிநீர் வேலை ஒரே தேசிய நிறுவனத்தின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. வரும் திங்கட்கிழமை அவர்கள் ஊரான கில்மோராவின் முறை. ஊழியர்களுக்கு இரண்டே வழி. தண்ணீரோடு சேர்ந்து புது நிறுவனத்துக்குப் போய்விடலாம். இல்லையென்றால் ஏரியை விட்டுவிட்டுக் கவுன்சிலிலேயே தங்கி, கொடுக்கிற வேலையைச் செய்யலாம். ஏரிக்கரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் மற்ற எல்லோரும் போவதாகச் சொல்லிவிட்டார்கள். லோர்கன் மட்டும்தான் தங்குவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அவனுக்கா அந்த ஏரி பிடிக்காது? விடுமுறை நாளில்கூட வந்து, பம்ப் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகிற ஆள்.

ஃபின்டன் குரலைத் தாழ்த்தினான். "உண்மையைச் சொல்லு. டெர்வ்லாவாலதானே?"

லோர்கன் ரொட்டியை இரண்டாக மடித்தான். பிறகு, "ஆமா, அவங்களாலதான்" என்றான்.

"எனக்குத் தெரியும்!"

டெர்வ்லா அந்த நிலையத்தின் இன்ஜினியர். நிறுவனம் மாறினாலும் அவளுக்கு அதே அறை, அதே நாற்காலி, அதே ஏரி. அவளும் லோர்கனும் ஓர் அறையில் இருந்தால் கெட்டிலே வேண்டாம், தண்ணீர் தானாகக் கொதிக்கும் என்று ஊழியர்கள் கேலி பேசுவார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால், "இங்க ஒண்ணு நீங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" என்று இருவரும் கத்திக்கொண்டதை ஃபின்டன் தன் காதாலேயே கேட்டிருக்கிறான்.

மிச்சத் தேநீரை அப்படியே வைத்துவிட்டு, நிலையத்தின் மாடியிலிருந்த அவள் அறைக்கு ஏறினான்.

"டெர்வ்லா, லோர்கன் போறதுக்கு நீங்கதான் காரணம். அவனே சொல்லிட்டான்."

டெர்வ்லாவின் முகம் சிவந்தது. "அப்படியா சொன்னார்? அவர் வாயாலயா?"

"ஆமா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. கீழ வந்து, போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவனை விட்டா அந்தப் பம்பை அப்படிப் பார்த்துக்க ஆள் கிடையாது."

"கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"காலையிலேயே போட்டுட்டான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"கல்லறைத் தோட்டத்துல மழைக்கு ஒதுங்க இடம் இருக்கா?" என்று கேட்டாள்.

ஃபின்டனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருத்தன் பிழைப்பை விட்டுவிட்டுப் போகிறான், இவளுக்குக் கிண்டலா? கதவை அறைந்து சாத்திவிட்டுப் படி இறங்கினான். பாதிப் படியில், உள்ளே அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. என்ன நெஞ்சழுத்தம்!

வெள்ளிக்கிழமை மாலை, கடைத்தெரு பப்பில் பிரிவு விருந்து. தட்டுத் தட்டாக ஹாம் சாண்ட்விச், நுரை ததும்பும் கறுப்பு பீர், மூலையில் ஒருவர் ஃபிடில் வாசித்துக்கொண்டிருந்தார். லோர்கன் தபால்காரரின் மனைவியைச் சுழற்றிச் சுழற்றி ஆடினான். 'பாவம், மனசுல இருக்கிறதை ஆடி மறைக்கிறான்' என்று ஃபின்டன் நினைத்துக்கொண்டான்.

அப்போது டெர்வ்லா உள்ளே வந்தாள். மஞ்சள் மழைக்கோட்டிலேயே பார்த்துப் பழகிய இன்ஜினியர், பச்சைப் பட்டில் வந்திருந்தாள். நேராக நடுவில் போய் நின்று, கரண்டியால் கோப்பையைத் தட்டினாள்.

ஃபின்டன் குறுக்கே பாய்ந்தான். "வேண்டாம் டெர்வ்லா. இன்னைக்காவது அவனை விட்டுடுங்க."

"விட முடியாது ஃபின்டன்" என்றாள் அவள்.

ஃபிடில் நின்றது.

"அஞ்சு மணியோட இந்த ஆள் என் கீழ வேலை பார்க்கிறவர் இல்ல. அதனால எல்லார் முன்னாலயும் சொல்றேன். ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள ஒரே சண்டைதான். யாராவது ஒருத்தர் ஏரியை விட்டுப் போயே ஆகணும், ஆனா போக வேற இடமில்ல. இப்பத்தான் ஒரு வழி பிறந்துச்சு. நான் போறேன், நீங்க இருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இவர் என்கிட்ட மூச்சு விடாம முந்திப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டார்!"

ஃபின்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்களா போறேன்னீங்க? எனக்கு ஒண்ணும் புரியல. ஒருத்தர் ஏன் போகணும்?"

லோர்கன் வந்து டெர்வ்லாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"புருஷன் பொண்டாட்டி ஒருத்தர் கீழ ஒருத்தர் வேலை பார்க்கக் கூடாதாம், விதி இருக்குடா. அடுத்த மாசம் எங்க கல்யாணம், மாப்பிள்ளைத் தோழன் நீதான்!"